நாய் நிற்கிற வளவில் புல்முற்றம்

வன்னியில் முற்றம் என்றால் காலையில் கூட்டித் தண்ணீர் தெளித்த வெறும் மண் முற்றம்தான். முளைக்கிற புல்லைச் செருக்கி எறிவது இங்கே அன்றாட வீட்டுவேலை. செருக்காமல் விட்ட வளவைக் கண்டால் "ஆள் இல்லாத காணி" என்று சொல்லிவிடுவார்கள். பாம்புப் பயம் வேறு. அப்படிப்பட்ட ஊரில்தான் இப்போது கிளிநொச்சி, பரந்தன், மாங்குளம் என்று புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்கு முன்னால் காசு கொடுத்துப் புல் பதிக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து போகிற சகோதரங்களின் ஆசை பாதி, பிள்ளைகள் விழுந்தெழும்பி விளையாடட்டும் என்ற எண்ணம் பாதி. வட்டக்கச்சியில் எங்கள் வளவுக்கும் புல் வந்தது கனடாவில் இருக்கிற அண்ணையின் விருப்பத்தால்தான். புல்லுத் துண்டுகளை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து இறக்கியதைப் பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "உமக்கென்ன விசரே பிள்ளை? நாங்கள் செருக்கி எறியிற சாமானை நீர் காசு குடுத்து வாங்கி நடுறீர்" என்றார்.

நான் விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நெல்லுக்கும் மிளகாய்க்கும் ஆலோசனை கேட்டு வந்த ஆட்கள் இப்போது புல்லுக்குக் கேட்டு வருகிறார்கள். "மிஸ், நாய் சலம் விட்டு விட்டுப் புல்லெல்லாம் வட்டம் வட்டமாக் கருகுது, என்ன மருந்து அடிக்கிறது?" மருந்து ஒன்றும் இல்லை. புல்லுக்கு நடந்திருப்பது என்னவென்று வயல் செய்கிற எவருக்கும் ஏற்கெனவே தெரியும், நாயோடு சேர்த்து அதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

வயலில் மேற்கட்டுப் பசளை எறியும்போது பை கிழிந்து ஓரிடத்தில் யூரியா கொட்டுப்பட்டால் என்ன ஆகும்? கொட்டின இடத்துப் பயிர் இரண்டு மூன்று நாளில் வெந்து போகும். அதைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் மற்றப் பயிரைவிடக் கரும்பச்சையாக எழும்பி நிற்கும். நாய் மூத்திரம் செய்வதும் அதேதான். அதிலும் யூரியாதான் இருக்கிறது, கூடவே உப்பு. நடுவில் அளவுக்கு மிஞ்சி விழுந்து புல் எரிகிறது. ஓரத்தில் ஐதாகிப் போன அளவு பசளையாக வேலை செய்கிறது. கடையில் வாங்குகிற 50 கிலோ யூரியாப் பையில் 46 வீதம் நைதரசன். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்த நேரத்தில் ஒரு பைக்கு நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால், இந்த நாய்கள் அதை இலவசமாக, ஆனால் ஒரே இடத்தில், கொண்டுவந்து கொட்டுகின்றன. பிரச்சினை பொருளில் இல்லை, அது விழுகிற அளவில் இருக்கிறது.

மழைக்காலத்தில் ஏன் கருகல் தெரிவதில்லை என்பதற்கும் இதுதான் விடை. மார்கழியில் எங்கள் முற்றத்தில் கரும்பச்சைத் திட்டுகள்தான் தெரியும், ஒரு கருகல் கூட இருக்காது. வானம் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிடுகிறது. சோளகம் பிடித்து மண் காய்ந்த பிறகுதான் அதே நாய், அதே மூத்திரம், புல்லைக் கொல்லத் தொடங்குகிறது.

முதலில், எரிந்தது நாயால்தானா என்று பார்க்க வேண்டும். எல்லாப் பழியையும் நாயின் தலையில் போடக் கூடாது. கருகின திட்டின் ஓரத்தில் குந்தியிருந்து புல்லை ஒரு பிடி பிடித்து மெல்ல இழுங்கள். வேர் மண்ணோடு இறுக்கமாக நின்று, நுனி மட்டும் வைக்கோல் நிறத்தில் இருந்து, சுற்றிவரக் கரும்பச்சை வளையமும் இருந்தால் அது நாய். இழுத்தவுடன் பாய் சுருட்டுவது மாதிரிப் புல் கையோடு கழன்று வந்தால், கீழே மண்ணைக் கிளறிப் பாருங்கள், வெள்ளை நிறத்தில் வளைந்து கிடக்கிற புழு வேரைத் தின்றிருக்கும். வளையம் இல்லாமல் பரவலாக மஞ்சளித்தால் தண்ணீர் காணாது, அல்லது நிழல். சிலவேளை கல் வீட்டுக்காரர் நிலம் மட்டப்படுத்தும்போது சீமெந்துக் கழிவைப் புதைத்துவிட்டு அதற்கு மேலே புல்லைப் பதித்திருப்பார்கள். அந்த இடத்தில் நாயே போகாவிட்டாலும் புல் வராது.

பெட்டை நாய்தான் புல்லை எரிக்கும், கடுவன் எரிக்காது என்று ஒரு கதை உண்டு. இரண்டின் மூத்திரத்திலும் அப்படிப் பெரிய வித்தியாசம் கிடையாது. பெட்டை குந்தி ஒரே இடத்தில் முழுவதையும் விடும். வளர்ந்த கடுவன் காலைத் தூக்கி மரத்துக்குக் கொஞ்சம், மதிலுக்குக் கொஞ்சம், மோட்டார் சைக்கிள் டயருக்குக் கொஞ்சம் என்று பகிர்ந்து விடும். எங்கள் சூட்டி பெட்டை, கறுவல் கடுவன். புல்லில் இருக்கிற வட்டமெல்லாம் சூட்டியின் வேலை. மதிலோரத்து எக்சோறாச் செடியின் ஒரு பக்கம் பட்டுப் போனது கறுவலின் வேலை. குட்டியாக இருக்கும்போது கடுவனும் குந்தித்தான் விடும் என்பதால் அந்தப் பருவத்தில் இரண்டும் ஒன்றுதான்.

தண்ணீர்தான் வைத்தியம்

நாய் விட்ட உடனே அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். விட்ட அளவைப்போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. நாட்டு நாய் ஒன்று ஒரு தடவையில் விடுகிற அளவுக்கு அரை வாளி தாராளம். உடனே முடியாவிட்டால் சில மணித்தியாலத்துக்குள்ளாவது ஊற்ற வேண்டும். இரவு விட்டதை விடிய எழும்பியதும் ஊற்றினால் பெரும்பாலும் புல் தப்பும். அடுத்த நாள் பின்னேரம் ஊற்றுவது செத்த புல்லுக்குத் தண்ணீர் காட்டுகிற கதை, ஆனாலும் அடுத்ததாக நடப்போகிற புல்லுக்காக உப்பைக் கழுவ அது உதவும்.

இதற்காக ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு திரிய முடியாது. புல்லின் ஒரு மூலையில் மூடியுள்ள வாளி ஒன்றும் ஒரு பேணியும் வைத்துவிடுங்கள். விறாந்தையில் இருக்கிற யாரும், பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டு நிற்கிற பிள்ளை கூட, நாலு பேணி ஊற்றிவிட்டுப் போகலாம். மூடி முக்கியம். திறந்த வாளியில் டெங்கு நுளம்பு பெருகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கண்டால் தண்டம் கட்டுவது நீங்கள்தான்.

எந்தத் தண்ணீர் என்பதையும் யோசிக்க வேண்டும். இங்கே பல கிணறுகளில் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர்தான் கிடைக்கிறது. அதை ஊற்றலாம், பயமில்லை. கடல்நீரேரியை அண்டிய பக்கங்களில் கோடையில் கிணறு உவர்ப்பாக மாறுகிற இடங்கள் உண்டு. நாய் உப்போடு கிணற்று உப்பும் சேர்ந்தால் புல் இரட்டிப்பாக எரியும். அப்படியான இடத்தில் நாய் விட்ட இடத்துக்கு மட்டுமாவது தாங்கியில் பிடித்த மழைத்தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ பாவியுங்கள். சவர்க்காரம் கலந்த சமையலறைத் தண்ணீர் வேண்டாம். அரிசி கழுவின தண்ணீர் என்றால் சரி.

நாய்க்குத் தக்காளிச் சாறு கொடு, வினாகிரி கொடு, அப்பச்சோடா கலந்து கொடு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். மூத்திரத்தின் புளிப்பு புல்லை எரிக்கிறது என்ற எண்ணத்தில் வருகிற யோசனைகள் இவை. எரிப்பது புளிப்பு இல்லை, நைதரசனும் உப்பும் என்றபிறகு இவற்றுக்கு வேலையே இல்லை. உப்புச் சேர்த்த தக்காளிச் சாறு குடித்த நாய் தாகத்தில் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அதனால் மூத்திரம் ஐதாகும். அதற்காக ஒரு நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதா? சுண்ணாம்பைத் தூவச் சொல்வதும் இதே கணக்கில்தான் சேரும்.

நாய் அதிகமாகத் தண்ணீர் குடிக்க நேர்வழி இருக்கிறது. நிழலில் ஒரு சட்டி, காலையும் பின்னேரமும் மாற்றின தண்ணீர். அலுமினியச் சட்டியை வெயிலில் வைத்தால் மத்தியானம் அதில் கைவைக்க முடியாது, நாய் எப்படிக் குடிக்கும்? மண்சட்டியோ சீமெந்துத் தொட்டியோ நல்லது. சாப்பாட்டிலும் ஒரு திருத்தம் செய்யலாம். எங்கள் பக்கம் நாய்க்குப் போவது மிஞ்சின சோறும் கறியும். கருவாட்டுக் குழம்பின் அடிச்சட்டியை வழித்துப் போடுகிற பழக்கத்தை விடுங்கள். அதில் இருக்கிற உப்பும் உறைப்பும் நாய்க்கும் கூடாது, முற்றத்துக்கும் கூடாது. உப்புப் போடாமல் அவித்த சூடைமீனைச் சோற்றில் பிசைந்து, சாப்பாட்டிலேயே கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் கொடுத்தால் போதும்.

நாய்க்கு ஒரு மூலை

ஒவ்வொரு தடவையும் பேணியோடு ஓட முடியாது என்பவர்களுக்கு இன்னொரு வழி, நாயைப் புல்லுக்கு வெளியே போகப் பழக்குவது. வன்னிக்காரருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கால் ஏக்கர், அரை ஏக்கர் வளவில் புல் இருப்பது முன்னுக்கு ஒரு துண்டுதான், மிச்சமெல்லாம் மண். நகரத்து வீட்டுக்காரர் மாதிரி இடத்துக்கு நாங்கள் அல்லாட வேண்டியதில்லை.

கிணற்றிலிருந்து தள்ளி, வேலிக்கரையில் ஒரு கட்டில் அளவான இடத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு மணல் போடுங்கள். கடுவன் நாய் என்றால் நடுவில் ஒரு பனங்குற்றியை நட்டுவிடுங்கள், அதற்குக் காலைத் தூக்க ஏதாவது வேண்டும். இப்போது நாய் ஏற்கெனவே சலம் விட்ட இடத்து மண்ணை ஒரு சிரட்டையில் அள்ளிவந்து அந்த மணலில் போடுங்கள். நாய்க்கு மூக்குத்தான் வழிகாட்டி. காலையில் எழும்பியதும், சாப்பிட்ட பிறகு, படுக்கப் போக முன், இந்த மூன்று நேரமும் கயிற்றில் பிடித்து நேரே அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே சொல்லைச் சொல்லுங்கள். நாங்கள் சொல்வது "போ, போயிட்டு வா". விட்டு முடிந்த கணத்திலேயே மாரி பிஸ்கட்டில் ஒரு துண்டு கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபிறகு கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்குத்தான் பிஸ்கட் என்று நாய் நினைக்கும். புல்லில் விட்டால் அடிக்காதீர்கள். அடித்தால் நீங்கள் பார்க்காத நேரம் பார்த்து விடப் பழகும், அவ்வளவுதான் பலன். குட்டி கெதியாகப் பிடிக்கும். வளர்ந்த நாய்க்குச் சில கிழமை எடுக்கும், பொறுமை வேண்டும்.

வேலியோரம் பற்றி ஒரு விஷயம். நாய் வளவைக் காவல் காக்கிற பாதை ஒன்று இருக்கும். படலையிலிருந்து வேலி வழியே கிணற்றடி வரை, றோட்டால் சைக்கிள் போனால் போதும், குரைத்துக்கொண்டு அந்த வழியே ஓடும். அந்தத் தடத்தில் எந்தப் புல்லும் நிற்காது. இதில் நாயோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஓரமாக இரண்டடி அகலத்துக்குப் புல்லை எடுத்துவிட்டுக் கிரவலோ மணலோ பரவிவிடுங்கள். பார்க்கவும் ஒரு கரை கட்டினது போல வடிவாக இருக்கும், மழைக்காலத்தில் சேறும் ஆகாது.

கிண்டுகிற நாய்க்கும் இதே நியாயம்தான். கோடையில் நாய் புல்லைக் கிண்டுவது பெரும்பாலும் சூட்டினால். மேல்மண்ணைத் தள்ளிவிட்டுக் கீழே இருக்கிற குளிர்மண்ணில் வயிற்றை வைத்துப் படுக்கத்தான் அது கிண்டுகிறது. மாமரத்துக்குக் கீழே கொஞ்ச மணலைக் கொட்டிப் பதினொரு மணிவாக்கில் ஒரு வாளி தண்ணீரை அதில் ஊற்றிவிடுங்கள். புல்லை விட்டுவிட்டு அங்கே போய்ப் படுத்துவிடும். ஆனால் கிண்டுகிற நாய் என்றால் வன்னியில் வேறொரு கவனமும் வேண்டும். கண்ணிவெடி அகற்றின இடங்களிலும் மழைக்குப் பிறகு துருப்பிடித்த இரும்பு ஏதாவது மேலே வரலாம். நாய் அப்படி எதையாவது வெளியே எடுத்தால் கிட்டப் போகாமல், தொடாமல், நாயையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு எடுத்துக்கொண்டு பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள். புல்லுக்கு மண் வேண்டும் என்பதற்காக, தெரியாத காட்டுக்காணியில் போய் மண் வெட்டுவதும் வேண்டாம்.

எந்தப் புல்

வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் விதைப் பைக்கற் கொண்டுவருகிற ஆட்கள் உண்டு. அது குளிர் தேசத்துப் புல். எங்கள் சித்திரை வெயிலைக் காணாது. அனுமதி எடுக்காமல் விதை கொண்டுவருவது சட்டப்படியும் பிழை.

எங்கள் மண்ணில் நாயோடு சீவிக்கக் கூடியது அறுகு. நாய் மூத்திரத்துக்கு அறுகு எரியாது என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே எரியும். ஆனால் மண்ணுக்கு மேலே ஓடுகிற கொடியும் கீழே ஓடுகிற கிழங்குத் தண்டும் இரண்டும் அதற்கு இருப்பதால், எரிந்த வட்டத்துக்குள் சுற்றிவர நின்ற புல் தானாக ஓடி வந்து நிரப்பும். வயல் வரம்பில் எத்தனை தரம் செருக்கினாலும் திரும்ப வருகிற அந்தப் பிடிவாதம் இங்கே எங்களுக்கு உதவுகிறது. நாய் ஓடி மிதிப்பதையும் தாங்கும். அதற்கு வேண்டியது வெயில். மாமரத்துக்குக் கீழே அறுகை நட்டால் ஒரு மழைக்காலத்தில் மெலிந்து போய்விடும்.

நிழலுள்ள பக்கத்துக்கு மலேசியன் புல் என்று விற்கிற அகன்ற இலைப் புல் பொருந்தும். காலுக்கு மெத்தென்று இருக்கும், பிள்ளைகளுக்கு விருப்பம். ஆனால் அது தண்ணீர் குடிக்கும், மிதிபட்டால் அறுகு அளவுக்குத் திரும்பி எழும்பாது. ஹோட்டல்களில் பார்க்கிற ஊசி மாதிரியான மெல்லிய புல்லை நாய் உள்ளவர்கள் மறந்துவிடுவது நல்லது. எரிந்த இடம் மூடுவதற்குள் அடுத்த இடம் எரிந்துவிடும்.

நடுவதற்கு நல்ல காலம் ஐப்பசி மழை பிடித்த பிறகு. தை வரைக்கும் வானமே தண்ணீர் விடும். வேர் பிடிக்கும் வரை நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

எரிந்த இடத்தைத் திருத்துவது

சின்ன வட்டம், கையகலம் என்றால் விட்டுவிடுங்கள், அறுகு தானே மூடும். தட்டகலத்துக்கு மேலே போனால் திருத்த வேண்டும். செத்த புல்லை முள்ளுக்கரண்டி மாதிரி விரலை வைத்துக் கோதி எடுங்கள். சாம்பல் நிறத்தில் உதிர்ந்து வருவது செத்தது. இழுத்தாலும் வர மாட்டேன் என்று நிற்கிற கொடி இருந்தால் அதை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் அது உயிரோடு இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். பிறகு அந்த வட்டத்துக்கு இரண்டு வாளி தண்ணீரை மெல்ல மெல்ல, மண் குடிக்கக் குடிக்க ஊற்றுங்கள். நடுகிற ஆசையில் இந்தக் கழுவலைத் தவறவிடுகிறவர்கள்தான் "திரும்பத் திரும்ப நட்டும் வருகுதில்லை மிஸ்" என்று வருவார்கள். உப்பு அங்கேயே கிடக்கும்போது புதுப்புல் எப்படி வேர் விடும்?

அடுத்த நாள் மேல்மண்ணை ஓர் அங்குலம் வழித்து எடுத்துவிட்டு, மணலும் உக்கின கூட்டெருவும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். வளவின் ஓரத்திலிருந்து அறுகம் கொடியை வெட்டிவந்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று கணு இருக்கிற மாதிரி நறுக்கி, கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலுமாக நான்கு விரற்கடை இடைவெளியில் ஊன்றுங்கள். காலால் மிதித்து இறுக்குங்கள், மண்ணோடு ஒட்டாத கணு வேர் விடாது. காலையும் பின்னேரமும் தெளியுங்கள். நாய் வராமல் இருக்க மேலே இலந்தை முள்ளுக் கொப்பு ஒன்றைப் போட்டுவிட்டால் போதும், கம்பிவலை வாங்கித் திரியத் தேவையில்லை. புதிதாகக் கிளறின மண்ணைக் கண்டால் நாய்க்குக் கை பரபரக்கும் என்பதால் இந்தக் கொப்பு கட்டாயம்.

பசளை, தண்ணீர், வெட்டு

நாய் உள்ள புல்லுக்கு யூரியா எறியாதீர்கள். நைதரசன் ஏற்கெனவே மேலதிகமாகப் போகிறது. கரும்பச்சைத் திட்டை மறைக்க மற்ற இடத்துக்கும் யூரியா போட்டுச் சமப்படுத்துவோம் என்று சிலர் நினைக்கிறார்கள். பிறகு நாய் விடுகிற ஒவ்வொரு துளியும் எல்லையைத் தாண்டி எரிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை மழைக்கு முன் அரித்த கூட்டெருவை மெல்லிதாகத் தூவிக் கூட்டிவிட்டால் போதும். பச்சை மாட்டெரு வேண்டாம், நாய் அதில் உருண்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வரும், களை விதையும் சேர்ந்து வரும். எலும்புத்தூள் போட்டால் எலும்பு தேடித் தோண்டும். ஆமணக்குப் பிண்ணாக்கை மட்டும் வளவுக்குள்ளேயே எடுக்காதீர்கள். மணத்துக்கு நாய் தின்னும், தின்றால் உயிருக்கே ஆபத்து.

இறுகின மண்ணில் ஊற்றுகிற தண்ணீர் கீழே போகாமல் மூத்திரத்தோடு மேலேயே நிற்கும். எங்கள் செம்மண் காய்ந்தால் கல்தான். மழை தொடங்கி மண் ஊறியதும் அலவாங்கை எடுத்து, சாண் இடைவெளியில் மூன்று நாலு அங்குல ஆழத்துக்குக் குத்திக் கொஞ்சம் ஆட்டி எடுங்கள். அந்தத் துளைகளுக்குள் மணலைக் கூட்டித் தள்ளுங்கள். இதற்கென்று ஒரு மெஷின் இருக்கிறதாம், இருக்கட்டும். எங்கள் வீட்டுக்காரருக்கு அலவாங்கு போதும்.

கோடையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்கால் விடியக்காலை ஆழமாக ஊற விடுவது நல்லது. வேர் கீழே போகும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மழையை எதிர்பார்க்க முடியாது, கிணறும் கீழே போய்விடும். தென்னம்பிள்ளைக்கும் மிளகாய்க்கும் கொடுத்து மிஞ்சினால்தான் புல்லுக்கு. அறுகு காய்ந்து மண்ணிறமாகும், சாகாது, மழை கண்டதும் வரும். ஆவணி விடுமுறைக்கு வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள், பச்சையாக இருக்க வேண்டும் என்றால் விறாந்தைக்கு நேரே ஒரு சின்னத் துண்டை மட்டும் வைத்துத் தண்ணீர் விடுங்கள். காய்ந்து நிற்கிற புல்லில் நாயையும் குறைவாக விடுங்கள். களைத்துப் போன புல்லுக்கு மூத்திரம் இன்னும் கொடிது.

வெட்டும்போது அறுகை ஒன்றரை அங்குலத்துக்கும் அகன்ற இலைப் புல்லை இரண்டு அங்குலத்துக்கும் கீழே கொண்டுபோகாதீர்கள். ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒன்றுக்கு மேலே எடுக்கவும் கூடாது. அதற்காகக் கணுக்கால் மறைய வளர விடவும் முடியாது, புடையன் பாம்பு வந்து படுத்தால் முதலில் மூக்கை நீட்டுவது நாய்தான். கூலிக்கு வருகிற தம்பிமார் பெற்றோல் மெஷினால் மண் தெரிய மொட்டையடித்துவிட்டுப் போவார்கள், பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். அந்த நேரம் நாயைக் கட்டிவையுங்கள், மெஷின் கல்லை அடித்தால் எங்கே பறக்கும் என்று தெரியாது.

நெருஞ்சியை மஞ்சள் பூப் பூக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். காய் முற்றினால் அந்த முள் நாயின் பாதத்துக்குள் ஏறும், நொண்டுகிற நாயைப் பிடித்து முள் எடுப்பது இரண்டு பேர் வேலை. கோரையைப் பிடுங்கினால் கிழங்கு கீழே நின்றுவிடும், தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

பீ அள்ளுவதைச் சொல்லாமல் விட முடியாது. தினமும் அள்ள வேண்டும். கொக்கிப்புழு முட்டை அதில் வந்து, ஈரமண்ணில் புழுவாகி, வெறுங்காலோடு விளையாடுகிற பிள்ளையின் தோலுக்குள் போகும். காலில் கோடு கோடாகச் சிவந்து கடிப்பது அதனால்தான். கிணற்றுக்குத் தூரமாக ஒரு குழி வெட்டிப் போட்டு மண்ணால் மூடுங்கள். மரக்கறிப் பாத்திக்குப் போகிற கூட்டெருக் குவியலில் போடாதீர்கள். நாய்க்கு மிருக வைத்தியர் சொன்ன இடைவெளியில் குடற்புழு மருந்து கொடுத்தால் பிரச்சினையில் பாதி அங்கேயே குறையும்.

உண்ணிக்குப் புல்லில் மருந்து அடிப்பது வீண் செலவு. நாயில் ஏறுகிற மண்ணிற உண்ணி புல்லைவிடச் சுவர் வெடிப்பிலும், நாய் படுக்கிற சாக்கிலும், கூட்டின் மூலைகளிலும்தான் முட்டையிடும். சாக்கை வெயிலில் போடுங்கள், வெடிப்பைப் பூசுங்கள், மருந்தை நாயில் பாவியுங்கள். மருந்து போட்டுக் குளிப்பாட்டுகிற தண்ணீர் புல்லில் ஓடாமல் மண் பக்கமாக வைத்துக் குளிப்பாட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் நாயை எவ்வளவு பழக்கினாலும் வேலிப் பொட்டுக்குள்ளால் வருகிற ஊர் நாய்கள் வந்து மணம் வைத்துவிட்டுப் போனால் உங்கள் நாயும் போட்டிக்கு அதே இடத்தில் விடும். கட்டாக்காலி மாடு வந்தால் ஓர் இரவில் குளம்பாலேயே புல்லைக் கிழித்துவிடும். ஆகவே பொட்டை அடையுங்கள், படலைக்குக் கொளுக்கி போடுங்கள். நாய்க்குக் கருத்தடை செய்தால் இந்த மணம் வைக்கிற போட்டி நன்றாகக் குறையும். விசர்நாய்த் தடுப்பூசி வருடா வருடம் கட்டாயம். ஊருக்கு வந்து இலவசமாகப் போடுகிற நாளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள். போட்டதும் தருகிற அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.